‘ஒயிட் ரயட்’ இனவெறிப் பாட்டா? தி கிளாஷ் குழுவின் முதல் சிங்கிளும் அதன் பின்னணியும்

பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையை வாசித்த லண்டன் குழுவான தி கிளாஷின் ‘ஒயிட் ரயட்’ (வெள்ளைக் கலவரம்) பாட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்: “வெள்ளைக்காரப் பையன்கள் சேர்ந்துகொண்டு ‘வெள்ளைக் கலவரம் வேண்டும்’ என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். இதை எப்படி இனவெறிக்கு எதிரான அணியில் சேர்க்கிறார்கள்? கத்தலைத் தாண்டி இசையாக இதில் என்ன இருக்கிறது?” நியாயமான கேள்வி. பாட்டு வெளிவந்த 1977-லேயே இங்கிலாந்தில் இதைக் கேட்டவர்கள் உண்டு.

இனவெறிப் பாட்டு இல்லை. ஆனால் அப்படிக் காதில் விழுகிறது என்றால் தப்பு முழுக்கக் கேட்பவருடையது என்று நான் சொல்ல மாட்டேன். பாட்டைக் கட்டியிருக்கும் விதத்திலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது. இசையைப் பற்றிய கேள்விக்கும் இனவெறி பற்றிய கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடைக்கும். அதற்கு முதலில் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதிக்குப் போக வேண்டும்.

இன்றைக்கு அங்கே வீடு வாங்கக் கோடிகள் வேண்டும். 1950-களில் அது இடிந்து விழும் நிலையில் இருந்த வாடகைக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. ஜமைக்கா, டிரினிடாட் என்று கரீபியன் தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அங்கேதான் குடியேறினார்கள். 1958 கோடையின் கடைசியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் அந்தத் தெருக்களில் நாள்கணக்கில் கறுப்பர்களையும் அவர்கள் வீடுகளையும் தாக்கின. அதாவது, அந்தப் பகுதியில் சொல்லுக்குச் சொல் அப்படியே ஒரு ‘வெள்ளைக் கலவரம்’ ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. அந்தக் காயத்துக்கு மருந்தாகத்தான் டிரினிடாடில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் ஓர் அரங்கத்துக்குள் கரீபியன் கார்னிவல் ஒன்றை நடத்தினார். 1960-களின் நடுவில் கார்னிவல் தெருவுக்கு வந்தது. இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் நடக்கிறது.

1976 ஆகஸ்ட் 30, கார்னிவலின் இரண்டாம் நாள். அந்த வருடம் இங்கிலாந்தில் வரலாறு காணாத வெயில், வறட்சி. நாட்டின் பொருளாதாரமும் காய்ந்து கிடந்தது. அடுத்த மாதமே அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்) கடனுக்குப் போய் நின்றது. கறுப்பு இளைஞர்களுக்கு இதற்கு மேல் இன்னொரு தொல்லை ‘சஸ்’ சட்டம். 1824-ல் பிச்சைக்காரர்களையும் நாடோடிகளையும் பிடிப்பதற்காகப் போட்ட சட்டத்தின் ஒரு பிரிவு அது. குற்றம் செய்ய வேண்டியதில்லை, செய்யப்போகிறவன் மாதிரி தெரிந்தாலே போதும், போலீஸ் பிடித்துக்கொண்டு போகலாம். யார் ‘மாதிரி தெரிந்தார்கள்’ என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அன்றைக்குக் கார்னிவலில் ஏறக்குறைய 3,000 போலீஸ்காரர்கள் குவிக்கப்பட்டிருந்தார்கள். ஜேப்படிக்காரன் என்று ஒருவரைப் பிடிக்கப் போன இடத்தில் தகராறு தொடங்கி, வெஸ்ட்வே மேம்பாலத்தின் அடியிலும் போர்ட்டபெல்லோ சாலையிலும் கல்வீச்சாக மாறியது. போலீஸிடம் அப்போது கலவரத் தடுப்புக் கேடயங்கள் கிடையாது. குப்பைத்தொட்டி மூடிகளையும் பால் கிரேட்டுகளையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸ்காரர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் கிளாஷ் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர், பேஸ் கிட்டார் வாசிக்கும் பால் சைமனன், மேனேஜர் பெர்னி ரோட்ஸ் ஆகியோர் இருந்தார்கள். குழு மேடையேறி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ட்ரம்மரும் சைமனனும் தாங்களும் கல் வீசினார்கள். ஒரு காருக்குத் தீ வைக்கப் பார்த்துக் காற்றில் தீ பிடிக்காமலே போனதாக ஸ்ட்ரம்மர் பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் அங்கே நின்றபோது அவர்களுக்கு ஒன்று உறைத்தது: இது தங்கள் சண்டை இல்லை. எதிர்க்கக் காரணமும் துணிச்சலும் உள்ள மக்கள் எதிர்க்கிறார்கள். நாம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நம் ஆட்கள் எங்கே?

பாட்டு முழுவதும் இந்தக் கேள்விதான். கறுப்பர்களுக்கு எத்தனையோ பிரச்சினை இருக்கிறது, ஆனால் அவர்கள் கல்லெடுக்கத் தயங்குவதில்லை. வெள்ளைப் பிள்ளைகளோ பள்ளிக்குப் போய் மந்தமாக இருக்கப் பழகிக்கொள்கிறார்கள் என்கிறது ஒரு சரணம். அதிகாரம் முழுக்க அதை விலைக்கு வாங்க வசதி உள்ளவர்கள் கையில் இருக்கிறது, நாமோ தெருவில் நடந்துகொண்டு முயன்று பார்க்கவும் பயப்படுகிறோம் என்கிறது இன்னொன்று. கடைசியில் கேட்பவரையே மடக்குகிறது: நீ பொறுப்பை எடுத்துக்கொள்ளப் போகிறாயா, இல்லை உத்தரவுக்குக் கீழ்ப்படியப் போகிறாயா? எந்த இடத்திலும் கறுப்பர்கள் எதிரி இல்லை. வசைபாடப்படுவது பாடுபவரின் சொந்த ஆட்கள். வெள்ளையர்களைப் பார்த்து ‘உங்களுக்கு முதுகெலும்பே இல்லையா’ என்று கேட்கிற பாட்டு இது.

ஒரு விஷயத்தை மழுப்பக் கூடாது. கறுப்பர்களின் துணிச்சலைப் பார்த்து எழும் இந்தப் பொறாமையில் ஒரு பொய்யும் கலந்திருக்கிறது. கலவரத்தில் கைதாகி வழக்கை எதிர்கொண்ட கறுப்பு இளைஞனுக்கு அது ஒன்றும் கிளர்ச்சியூட்டும் அனுபவமாக இருந்திருக்காது. ஸ்ட்ரம்மரின் இயற்பெயர் ஜான் மெல்லர். அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர். பிறந்தது நம் லக்னோவில். மகன் பிறந்தது துருக்கியின் அங்காராவில், படித்தது விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில். பள்ளிக்கூடம் மந்தமாக்குகிறது என்று பாடும் உரிமை அவருக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பள்ளியை நன்றாக அறிந்தவர் என்பதால்தான் பாடினார் என்றும் வாதிடலாம். ஆனால் தெருச் சண்டையைத் தெருவுக்கு வெளியே இருந்து வந்த ஒருவரின் ஆசையோடு பார்த்தார் என்பதையும் மறக்க முடியாது. கிட்டார் வாசித்த மிக் ஜோன்ஸ் வேறு ரகம். பாட்டியோடு வெஸ்ட்வேயைப் பார்த்தபடி நின்ற அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்ந்தவர். அவர் அந்தக் கலவரத்தில் இல்லை.

இனி இசை. பாட்டு இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு போட்ட முதல் ஆல்பம், ஜூலையில் அவர்கள் லண்டனில் நடத்திய கச்சேரிகள் இரண்டும் லண்டன் பையன்களுக்குப் புதுப் பாடமாக அமைந்தன. வேகம் குறையக் கூடாது, கிட்டாரில் தனி ஆவர்த்தனம் வேண்டாம், கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) எளிமையாக இருந்தால் போதும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்கிவிட வேண்டும். ‘ஒயிட் ரயட்’ அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் ரமோன்ஸிடம் கிட்டார் ஒரே சீரான இரைச்சல் சுவராக நிற்கும். கிளாஷில் இரண்டு கிட்டார்கள், இரண்டு குணங்கள். ஜோன்ஸின் கிட்டார் தடித்த குரலில் கார்டுகளை நிரப்புகிறது. ஸ்ட்ரம்மர் இடது கைக்காரர். ஆனால் வலது கைக்காரர்களைப் போலவே கிட்டாரைப் பிடித்துப் பழகியவர். அதனால் நுணுக்கமான விரல் வேலை அவருக்கு வராது. தன் டெலிகாஸ்டர் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் சேர்த்து, அம்மி கொத்துவதுபோல் விடாமல் அடித்துக்கொண்டே இருப்பார். புனைபெயரே அதிலிருந்து வந்ததுதான். பாட்டை முன்னால் தள்ளுவது டிரம்ஸைவிட அந்தக் கைதான் என்பது என் கருத்து.

டிரம்ஸ் வாசித்தவர் டெரி சைம்ஸ். அலங்காரமே இல்லாத நேரான அடி. அரசியல் கோஷங்களில் ஒட்டாமல் குழுவை விட்டு விலகப்போகிறவர் என்பதால் ஆல்பத்தின் உறையில் ‘டோரி கிரைம்ஸ்’ என்று பெயரைத் திரித்துப் போட்டார்கள். டோரி என்றால் அங்கே வலதுசாரி கன்சர்வேட்டிவ் கட்சி. சைமனன் பேஸைக் கையில் எடுத்தே அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எந்த இடத்தில் எந்த சுரம் என்று கிட்டாரின் கழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தார்.

சிக்கல் எங்கே என்றால் பாடும் முறையில். சரணங்களை ஸ்ட்ரம்மர் தனியாகப் பாடுகிறார். அந்த வேகத்தில் அத்தனை சொற்களையும் திணிக்க வேண்டியிருப்பதால் வார்த்தைகள் பல்லுக்கிடையில் நசுங்கிப்போகின்றன. ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் முதல் தடவையில் பாதி புரியாது. பல்லவி வந்ததும் எல்லாக் குரல்களும் சேர்ந்துகொள்கின்றன, கால்பந்து கேலரியில் கத்துவதுபோலத் தெளிவாக, ஒரே சுருதியில். பாட்டின் நிலைப்பாடு என்ன என்று சொல்கிற வரிகள் எல்லாம் சரணத்தில் இருக்கின்றன. பல்லவியில் மிஞ்சுவது ‘வெள்ளை’, ‘கலவரம்’ என்ற இரண்டு சொற்களும் ‘எனக்கும் ஒன்று வேண்டும்’ என்ற ஆசையும்தான். விளக்கம் இரைச்சலில் புதைந்துபோய், கோஷம் மட்டும் வெளியே நிற்கிறது. எழுதிப் படித்தால் ஒரு பாட்டு, கூட்டத்தில் நின்று கேட்டால் வேறொரு பாட்டு.

அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. கறுப்பர்களையும் ஆசியர்களையும் நாட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்ற நேஷனல் ஃப்ரன்ட் கட்சி 1977 மே மாத லண்டன் மாநகரத் தேர்தலில் ஏறக்குறைய 1,19,000 ஓட்டு வாங்கியது. சௌத்ஹாலில் குர்தீப் சிங் சக்கர் என்ற சீக்கிய இளைஞர் 1976 ஜூனில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். பங்க் வட்டாரத்திலேயே அதிர்ச்சிக்காக ஸ்வஸ்திகா பட்டை கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இருந்தார்கள். 1976 செப்டம்பரில் லண்டனின் ‘100 கிளப்’ என்ற அரங்கில் நடந்த பங்க் விழாவில் சூசி அண்ட் தி பன்ஷீஸ் குழுவுக்கு கிளாஷின் ஆம்ப்ளிஃபயர்களைத் தர பெர்னி ரோட்ஸ் மறுத்ததற்குக் காரணமே அந்த ஸ்வஸ்திகாதான். இப்படிப்பட்ட ஊரில் ‘வெள்ளைக் கலவரம்’ என்ற கோஷத்தை வெளியே விட்டால் யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். வலதுசாரி மொட்டைத்தலைப் பையன்கள் சிலர் பொறுக்கிக்கொள்ளவும் செய்தார்கள்.

சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டை முன்வைக்கும் இசைத்தட்டு, 1977 மார்ச் 18 அன்று வந்தது. வெளியிட்டது சி.பி.எஸ் என்ற பன்னாட்டு நிறுவனம். ஜனவரியில் கிளாஷ் அவர்களோடு 1 லட்சம் பவுண்டு ஒப்பந்தம் போட்டபோது, அன்றே பங்க் செத்துவிட்டது என்று ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற பங்க் சிற்றிதழை நடத்திய மார்க் பெர்ரி சாபம் விட்டார். பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 38-ஆம் இடம் வரை போனது. ஏப்ரலில் வந்த ஆல்பத்தின் பின்னட்டையில், வெஸ்ட்வே அடியில் போலீஸ் பாய்ந்து வரும் கார்னிவல் புகைப்படத்தையே போட்டார்கள். மே மாதம் ‘ஒயிட் ரயட்’ என்றே பெயரிட்ட சுற்றுப்பயணம் லண்டனின் ரெயின்போ அரங்குக்கு வந்தபோது ரசிகர்கள் இருக்கைகளைப் பெயர்த்து மேடையை நோக்கி எறிந்தார்கள். பாட்டு கேட்ட கலவரம் அதுவா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

கிளாஷின் அரசியலை இந்த ஒரு பாட்டை வைத்து எடை போடுவது அநியாயம். அதே ஆல்பத்தில் ஆறு நிமிடம் ஓடும் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ இருக்கிறது. ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடி, லீ பெர்ரி தயாரித்த ரெகே பாட்டு; ரெகே என்பது ஜமைக்காவில் பிறந்த, நிதானமான தாள இசை. 1976 கோடையில் நாட்டிங் ஹில் தெருக்களில் ஒலித்தது. வெள்ளைப் பையன்கள் ரெகேயை நகலெடுத்தால் கேலிக்கூத்தாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு கிட்டாரை ரெகேக்கு உரிய எதிரடியிலும் இன்னொன்றை ராக் இசைக்கு உரிய நேரடியிலும் வைத்து, பாட்டைத் தங்கள் ஊர்ப் பாட்டாக மாற்றினார்கள். வேலை பார்த்தது ஜோன்ஸின் மூளை. லீ பெர்ரிக்கு அது எட்டியது. அதே ஆண்டு அவரே கிளாஷின் ‘கம்ப்ளீட் கன்ட்ரோல்’ பாட்டைத் தயாரித்தார். ரெகேயின் பெரிய நட்சத்திரமான பாப் மார்லி ‘பங்க்கி ரெகே பார்ட்டி’ பாட்டில் கிளாஷின் பெயரைச் சேர்த்துக்கொண்டார். கறுப்பு இசைக்காரர்களில் சிலருக்காவது இந்தக் குழு எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

பொதுமக்களுக்குக் குழப்பம் தீர்ந்தது 1978 ஏப்ரல் 30-ல். 1976 ஆகஸ்டில் ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடிபோதையில், குடியேறிகளுக்கு எதிரான அரசியல்வாதி ஈனக் பவலுக்கு ஆதரவாக உளறினார். மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த மனிதர் அவர்! கொதித்துப்போன புகைப்படக் கலைஞர் ரெட் சாண்டர்ஸும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்திலிருந்து பிறந்ததுதான் ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம். அவர்கள் டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம் போனார்கள். பூங்காவில் எண்பதாயிரம் பேருக்குக் குறையாத கூட்டம். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், ஸ்டீல் பல்ஸ், டாம் ராபின்சன் குழுவினரோடு கிளாஷும் மேடையேறியது. ‘ஒயிட் ரயட்’ பாடும்போது ஷாம் 69 குழுவின் ஜிம்மி பர்சி மேடைக்கு வந்து சேர்ந்து பாடினார். இதன் கனம் அன்றைக்கு எல்லோருக்கும் தெரியும்: பர்சியின் ரசிகர் கூட்டத்தில்தான் நேஷனல் ஃப்ரன்ட் மொட்டைத்தலையர்கள் மொய்த்துக் கிடந்தார்கள். அவர்களுடைய நாயகனே இனவெறி எதிர்ப்பு மேடையில் நின்று இதைப் பாடியபிறகு, கோஷத்தைச் சொந்தம் கொண்டாட அவர்களுக்கு வழியில்லை.

அதே மேடையில் ஸ்ட்ரம்மர் போட்டிருந்தது இத்தாலியின் ‘ரெட் பிரிகேட்ஸ்’ என்ற ஆயுதக் குழுவின் பெயர் பொறித்த பனியன். அந்தக் குழு அப்போது முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவைக் கடத்தி வைத்திருந்தது. ஒன்பது நாள் கழித்துக் கொன்றது. கிளாஷின் அரசியலை மெச்சுகிறவர்கள் இந்தப் பனியனைப் பேச்சில் எடுப்பதில்லை. கலவரம், துப்பாக்கி, கெரில்லா என்ற சொற்களின் கவர்ச்சியில் அவர்கள் அடிக்கடி வழுக்கினார்கள். ‘ஒயிட் ரயட்’டின் பல்லவியும் அந்த வழுக்கலில் ஒன்றுதான்.

பதிலை அவர்களே அடுத்த கோடையில் எழுதினார்கள். 1978 ஜூனில் வந்த ‘ஒயிட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பாலே’. ஹேமர்ஸ்மித் பாலே என்பது லண்டனில் இருந்த ஒரு நடன அரங்கம். விடிய விடிய நடக்கும் ரெகே கச்சேரிக்குப் போன ஸ்ட்ரம்மர், புரட்சிப் பாட்டை எதிர்பார்த்து உட்கார்ந்தால், ஜமைக்காவின் நட்சத்திரங்கள் பளபளக்கும் பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். கறுப்பர்களின் எதிர்ப்பைத் தூரத்திலிருந்து ரசித்த தன் ஏக்கத்தையே அவர் அதில் கிண்டல் செய்கிறார். வெள்ளை இளைஞர்களும் கறுப்பு இளைஞர்களும் சேர்ந்து வேறு வழி பார்க்க வேண்டும் என்கிறார். இங்கே தாளம் ரெகே நடை, நிதானம், சொல்லுக்குச் சொல் இடைவெளி. ஒவ்வொரு வரியும் காதில் விழுகிறது. முதல் பாட்டின் சரணத்தில் நசுங்கிப்போன சிந்தனைக்கு இந்தப் பாட்டில்தான் மூச்சுவிட இடம் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், என்ன பாடுகிறார்கள் என்பதை எவ்வளவு தூரம் தாளம் தீர்மானிக்கிறது என்பது புரியும்.

குழுவுக்குள்ளேயே ‘ஒயிட் ரயட்’ சண்டை மூட்டியது. மிக் ஜோன்ஸுக்கு அது சலித்துவிட்டது, ரசிகர்கள் விடவில்லை. 1980 ஜனவரியில் ஷெஃபீல்டில் அவர் அதை வாசிக்க மறுக்க, மேடைக்குப் பின்னால் ஸ்ட்ரம்மர் அவரை முகத்தில் குத்தினார். 1983-ல் ஜோன்ஸைக் குழுவிலிருந்தே நீக்கினார்கள். பிறகு இருவரும் சேர்ந்து மேடையேற ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. 2002 நவம்பரில், வேலைநிறுத்தம் செய்த தீயணைப்பு ஊழியர்களுக்காக மேற்கு லண்டனின் ஆக்டன் நகர மண்டபத்தில் ஸ்ட்ரம்மர் நிதிக் கச்சேரி நடத்தினார். கூட்டத்தில் இருந்த ஜோன்ஸ் தானாக மேடையேறிக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். வாசித்த பாட்டுகளில் ‘ஒயிட் ரயட்’டும் ஒன்று. அடுத்த மாதமே ஸ்ட்ரம்மர் இறந்துபோனார்.

தமிழர்களுக்கு இந்தக் குழுவோடு ஓர் உறவு உண்டு. 1982-ல் கிளாஷ் போட்ட ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’, வேண்டாதவர்களாக விரட்டப்படும் குடியேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றியது. அதன் கிட்டார் பகுதியை எடுத்துத்தான் மாயா என்ற மாதங்கி அருள்பிரகாசம், நாம் அறிந்த எம்.ஐ.ஏ., 2007-ல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ செய்தார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வளர்ந்து அகதியாக லண்டன் போனவர் அவர். அமெரிக்கத் தரவரிசையில் பாட்டு நான்காம் இடம் வரை போனது. கிளாஷின் பாட்டில் மற்றவர்கள் யாருக்காகப் பரிந்து பேசினார்களோ, அந்த ஆள் இதில் தானே பேசுகிறார், அதுவும் கிண்டலாக.

கேட்டுப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாட்டுக்கு இரண்டு பதிவுகள் உண்டு. போலீஸ் சைரனோடு தொடங்குவது சிங்கிள் பதிவு; 1979-ல் அமெரிக்காவில் வந்த ஆல்பத்திலும் அதுதான். ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று எண்ணித் தொடங்குவது பிரிட்டிஷ் ஆல்பத்தில் உள்ளது. ஒப்பந்தத்துக்கு முன் பீக்கன்ஸ்ஃபீல்டில் இருந்த திரைப்படப் பள்ளியின் ஸ்டுடியோவில் மாதிரிக்காக எடுத்ததையே அப்படியே சேர்த்துவிட்டார்கள். சைரன் உள்ள பதிவுக்குத்தான் பேர் அதிகம். எனக்கு மாதிரிப் பதிவே மேல்: சத்த வேடிக்கை இல்லாததால் இரண்டு கிட்டார்களையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கலாம். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள். அடுத்து ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’, பிறகு ‘ஹேமர்ஸ்மித் பாலே’. மூன்றுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகாது.